கேள்வி – பதில்: ஸாண்டத்தில் ஜார் தங்கிய மர வீடு

நெதர்லாந்தின் ஸாண்டம் ஊரில், ரஷ்யாவின் ஜார் (பேரரசர்) மகா பீட்டர் எட்டு நாள் தங்கிய சிறு மர வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இந்த இதழில்.

ரஷ்யாவையே ஆண்டவர் ஒரு கொல்லன் வீட்டில் போய்த் தங்குவானேன்? ஊரில் சத்திரம் இல்லையா?
– வாசகர், சேலம்

சத்திரங்கள் இருந்தன. ஆனால் அவர் விரும்பியது தெரிந்த முகத்தை. 1697-ல் பீட்டர் சுமார் 250 பேர் கொண்ட ஒரு பெரிய தூதுக்குழுவோடு மேற்கு ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். குழுவுக்குத் தலைமை தாங்கியவர்கள் லெஃபோர்ட், கொலோவின், வொஸ்னீட்சின் ஆகிய மூவர். ஜார் அந்தக் கூட்டத்தில் 'பியோத்தர் மிகைலோவ்' என்ற பெயரில் ஒரு சாதாரண ஆளாக ஒட்டிக்கொண்டார். துருக்கியரிடமிருந்து அசோவ் கோட்டையை முந்தைய ஆண்டுதான் பிடித்திருந்தார். அதைக் காக்கக் கடற்படை வேண்டும், கடற்படைக்குக் கப்பல் கட்டத் தெரிந்த கைகள் வேண்டும்.

ரஷ்யாவில் அவருக்குக் கப்பல் கட்டிக் கொடுத்த டச்சுத் தச்சர்களில் பலர் ஸாண்டம் பக்கத்து ஆட்கள். கப்பல் என்றால் எங்கள் ஊர்தான் என்று அவர்கள் சொல்லிச் சொல்லி, அந்த ஊர்ப்பெயர் ஜாரின் மனத்தில் பதிந்துவிட்டது. தூதுக்குழு ஆம்ஸ்டர்டாம் வந்து சேருமுன்பே, நாலைந்து ஆட்களுடன் படகில் முந்திக்கொண்டு ஸாண்டம் வந்துவிட்டார். நாள் 1697 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. வரும் வழியில் தண்ணீரில் ஒருவர் விலாங்கு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். பார்த்தால், ரஷ்யாவில் தம்மிடம் வேலை செய்த கொல்லர் கெரிட் கிஸ்ட்! ஜார் கூப்பிட்ட குரலில் அவர் ஆடிப்போயிருப்பார். அவருடைய வீட்டின் ஒரு பகுதியில் ஒரு விதவை குடியிருந்தார். அவருக்குப் பணம் கொடுத்துக் காலி செய்யவைத்து, அந்த இடத்தில் ஜார் குடியேறினார்.

இதெல்லாம் நடந்தது எப்படித் தெரியும்? பின்னால் கட்டிய கதையாக இருக்கலாமே?
– வாசகர், திருநெல்வேலி

நியாயமான சந்தேகம். 'அரசர் உறங்கிய கட்டில்' என்று காட்டும் வீடுகளில் பாதிக்கு மேல் நம்ப முடியாதவை. இந்த வீட்டுக்கு நல்ல சாட்சி உண்டு. ஸாண்டத்தில் வாழ்ந்த நோமன் என்ற துணி வியாபாரி, ஜார் வந்த நாள் முதல் ஊரில் நடந்ததை எழுதி வைத்திருக்கிறார். ஜார் தச்சுக் கருவிகள் வாங்கியது, லெய்ன்ஸ்ட் ரோகே என்பவரின் கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தது, ஒரு துடுப்புப் படகை 40 கில்டரும் ஒரு கூஜா பீரும் கொடுத்து வாங்கியது போன்ற சில்லறைத் தகவல்கள் இப்படிப்பட்ட உள்ளூர்க் குறிப்புகளிலிருந்து வந்தவை. கதை கட்டுகிறவர்கள் போர், முடிசூட்டு என்று பெரிதாகக் கட்டுவார்கள். பீர் கூஜாவைக் கணக்கில் எழுதுகிறவர் பெரும்பாலும் கண்ணால் கண்டவர் அல்லது கண்டவரிடம் கேட்டவர்.

அவ்வளவு ஆசையாக வந்தவர் எட்டே நாளில் கிளம்பியது ஏன்?
– வாசகி, கும்பகோணம்

கூட்டம் தாங்காமல்தான். பீட்டரின் உயரம் 2 மீட்டருக்கும் மேல். முகத்தில் அவ்வப்போது வெட்டி இழுக்கும் ஒரு துடிப்பு. இப்படிப்பட்டவர் தச்சர் உடுப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். இதில் மாஸ்கோவில் வேலை செய்த ஸாண்டம்காரர் ஒருவர் தம் தந்தைக்கு எழுதிய கடிதம் வேறு ஊருக்கு வந்திருந்தது. ஜார் உங்கள் பக்கம் வருகிறார், உயரம் இப்படி, தலை ஆடும், கன்னத்தில் மரு உண்டு என்று அடையாளம் எல்லாம் அதில் இருந்தது. நாவிதர் கடையில் அந்தக் கடிதம் அலசப்பட்ட பிறகு ரகசியம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

இடையில் ஒரு பழச்சண்டை. தெருவில் பழம் தின்றுகொண்டு போன ஜார் சில பையன்களுக்குக் கொடுத்தார், சிலருக்குக் கொடுக்கவில்லை. கிடைக்காதவர்கள் கல்லும் அழுகல் பழமும் வீசினார்கள். அடையாளம் தெரியாமல் இருக்க விரும்பும் முக்கியமான வெளியூராரை யாரும் அவமதிக்கக் கூடாது என்று ஊர் நிர்வாகம் அறிவிப்பு போட்டது. ரகசியத்தைக் காப்பாற்றப் போட்ட அந்த அறிவிப்பே அதைத் தண்டோரா போட்டுவிட்டது.

ஆகஸ்ட் 24, சனிக்கிழமை, ஒரு பெரிய கப்பலை அணையின் மேலாக இழுத்து மறுபக்கம் இறக்கும் வேலை நடந்தது. பார்க்க வரும்படி ஜாரை அழைத்தார்கள். வாசலுக்கு வந்தவர், கூட்டத்தைக் கண்டதும் "ஆள் அதிகம், ஆள் அதிகம்" என்று கதவைச் சாத்திக்கொண்டதாகக் குறிப்பு சொல்கிறது. மறுநாள் ஞாயிறு. ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். காற்று பலமாக அடித்தும் பொருட்படுத்தாமல், துடுப்புப் படகைத் தவிரத் தனியாக வாங்கியிருந்த பாய்மரப் படகில் ஏறி ஆம்ஸ்டர்டாம் போய்விட்டார்.

சில ரஷ்ய நூல்களில் ஆகஸ்ட் 8 என்று இருக்கிறதே?
– மாணவர், கோயம்புத்தூர்

இரண்டும் ஒரே நாள். ஹாலந்தில் கிரிகோரியன் நாட்காட்டி, ரஷ்யாவில் ஜூலியன் நாட்காட்டி. 17-ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 10 நாள் வித்தியாசம். போதாததற்கு ரஷ்யர்கள் அப்போது ஆண்டை உலகம் படைக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணினார்கள். அந்தக் கணக்கில் அது 7205-ஆம் ஆண்டு. ஊர் திரும்பிய பிறகு ஆண்டுக்கணக்கை 1700 முதல் கிறிஸ்து ஆண்டுக்கு மாற்றியவரும் இதே பீட்டர்தான். நாட்காட்டியை மட்டும் ஜூலியனாகவே விட்டுவிட்டார். ஆகவே குறிப்பு எடுக்கும்போது தேதிக்குப் பக்கத்தில் பழைய முறையா புதிய முறையா என்று எழுதி வையுங்கள்.

அலமாரிக்குள் கட்டில் இருப்பதாகப் படித்தேன். இரண்டு மீட்டர் மனிதர் அதில் எப்படிப் படுத்தார்?
– வாசகி, யாழ்ப்பாணம்

படுத்தார் என்பதைவிடச் சாய்ந்திருந்தார் என்பது பொருந்தும். டச்சுப் பழைய வீடுகளில் கட்டில் தனியாக நிற்காது. சுவருக்குள் அலமாரி போல ஒரு அறை, அதற்கு மரக்கதவு அல்லது திரை, உள்ளே வைக்கோல் மெத்தை, கீழே சாமான் வைக்க இடம். இரவில் கணப்பு அணைந்ததும் வீடு குளிர்ந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே இருப்பவர்களின் உடல் சூடே அறையைக் கதகதப்பாக வைக்கும். பகலில் சாத்திவிட்டால் அந்த அறையே கூடம், சமையல் இடம் எல்லாம். இந்தப் பெட்டிக் கட்டில்கள் பொதுவாக ஆறடிக்கும் குறைவு. தலையணைகளை அடுக்கி அரைவாசி உட்கார்ந்த நிலையில் உறங்குவது அக்காலத்தில் வழக்கம் என்று அருங்காட்சியகங்களில் சொல்வார்கள். நீட்டிப் படுப்பது பிணம் கிடப்பதுபோல என்ற பயமும் ஒரு காரணமாகச் சொல்லப்படும். அந்தக் காரணத்தை அப்படியே நம்பவேண்டியதில்லை, சின்ன வீட்டில் இடம் மிச்சம் பிடித்தார்கள் என்பதே போதுமான விளக்கம். எப்படியும் இந்த வீட்டில் எல்லாரும் முதலில் போய் எட்டிப் பார்ப்பது அந்தக் கட்டில் அறையைத்தான்.

கல்லும் செங்கல்லும் கிடைக்கும் நாட்டில் ஏன் மர வீடு? 1632-ல் கட்டிய மரம் இன்னும் எப்படி நிற்கிறது? கோணலாக இருக்கிறது என்கிறார்களே, நிமிர்த்த மாட்டார்களா?
– கட்டடப் பொறியாளர், மதுரை

மூன்று கேள்விக்கும் வேர் மண்ணில் இருக்கிறது. ஸான் ஆற்றுப் பகுதியின் மண் சதுப்பில் மட்கிய தாவர மண், பஞ்சு போன்றது. செங்கல் வீடு கட்டினால் ஆழமாக மர முளைகளை அடித்து அதன்மேல் ஏற்றவேண்டும், செலவு கூடும். மர வீடு எடை குறைவு. பலகையோ அங்கே மலிவு. உய்ட்கெஸ்ட் ஊரைச் சேர்ந்த கோர்னெலிஸ் கோர்னெலிஸோன் 1594-ல் காற்றாலையில் ஓடும் மர அறுவை ஆலையைக் கட்டினார். இறக்கை சுற்றுவதை ஒரு வளைதண்டு மேலும் கீழுமான அசைவாக மாற்றும். ரம்பச் சட்டம் ஒரு முறை இறங்கி ஏறும்போது பற்சக்கரம் ஒன்று மரத்தடியைச் சிறிதளவு முன்னே தள்ளிக் கொடுக்கும். ஆம்ஸ்டர்டாமில் கையறுவைக்காரர்கள் சங்கம் இந்த ஆலைகளை எதிர்த்தது. ஸான் பகுதியில் அப்படித் தடுக்க ஆளில்லை, தொழில் அங்கே குவிந்தது. கப்பலுக்கு அறுக்கும் பலகையில் வீடும் கட்டிக்கொண்டார்கள்.

வீடு நிற்பதற்குக் காரணம், வெளியே அதைச் சுற்றி இன்னொரு கட்டடம் இருப்பது. இப்போதுள்ள செங்கல் கூடு 1895-ல் ஜார் இரண்டாம் நிக்கோலஸ் கட்டச் சொன்னது. நீங்கள் தெருவிலிருந்து பார்ப்பது இந்தக் கூட்டைத்தான். உள்ளே நுழைந்த பிறகுதான் வீட்டுக்குள் ஒரு வீடு தெரியும். மரத்துக்கு முதல் எதிரி, மாறி மாறி நனைவதும் காய்வதும். ஈரம் 20 சதவிகிதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடித்து உளுக்கத் தொடங்கும். கூடு மழையையும் காற்றையும் வெளியிலேயே நிறுத்திவிடுகிறது.

ஆனால் கூடு கட்டியதோடு வேலை முடிவதில்லை. இப்படி உறை போட்ட மர வீடுகளில் வரும் சிக்கல்கள் மூன்று. ஒன்று, காற்றோட்டம் குறைந்தால் பார்வையாளர்களின் மூச்சு ஈரமும் நனைந்த கோட்டுகளின் ஈரமும் உள்ளேயே தங்கும். இரண்டு, குளிர்காலத்தில் ஆட்களுக்காகச் சூடாக்கினால் காற்று வறண்டு பலகை சுருங்கும். மரம் நீளவாக்கில் ஏறத்தாழ சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். அதனால் பலகைகளுக்கு இடையே இடைவெளி விடும், பழைய ஆணி தளரும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 60 சதவிகிதத்துக்குள் நிதானமாக நிற்பது நல்லது. எண்ணைவிட முக்கியம் அது திடீரென்று ஏறி இறங்காமல் இருப்பது. மூன்றாவது சிக்கல் கண்ணுக்குத் தெரியாது: கனமான கூடும் கனமில்லாத வீடும் ஒரே சதுப்பில் வெவ்வேறு அளவில் இறங்கும். இரண்டும் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருந்தால் கனமானது மற்றதை இழுக்கும்.

முளைக் கட்டடங்களுக்கு இன்னொரு வினோதமான ஆபத்தும் உண்டு. தண்ணீருக்கடியில் முழுகியிருக்கும் முளை நூற்றாண்டுக் கணக்கில் கெடாது. நிலத்தடி நீர் தாழ்ந்து முளையின் தலை காற்றைப் பார்த்தால் சில ஆண்டுகளில் உளுத்துவிடும். நம் ஊரில் ஈரத்துக்குப் பயப்படுவோம், அங்கே அடித்தளம் காய்ந்துவிடுமோ என்றுதான் பயம்.

நிமிர்த்தலாமா என்றால், இயந்திரத்தால் முடியாத வேலை அல்ல. ஆனால் முளையும் துளையுமாகப் பொருத்திய பழைய இணைப்புகள் நூற்றாண்டுகளாக அந்தக் கோணத்திலேயே அழுந்தி இறுகியிருக்கும். நேராக்கும்போது இணைப்பு பிளக்கும், பிளந்ததை மாற்றினால் புது மரம் வரும், பிறகு 1632 என்று சொல்ல மிஞ்சுவது குறையும். மேலும் சரியாமல் தாங்கிப் பிடிப்பதே இப்படிப்பட்ட வீடுகளில் சரியான வேலை.

உள்ளே இருக்கும் மேசை நாற்காலி எல்லாம் ஜார் பயன்படுத்தியவையா?
– வாசகர், புதுச்சேரி

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜார் போன பிறகு எண்பது ஆண்டுகளுக்கு மேல் அது உழைப்பாளிகள் குடியிருந்த சாதாரண வீடு. அத்தகைய வீட்டில் நாற்காலி உடைந்தால் அடுப்புக்குப் போகும். இந்த வீட்டின் அசல் என்று நம்பிப் பார்க்கவேண்டியவை அதன் மரச்சட்டம், பலகைச் சுவர், அறையமைப்பு, கட்டில் மாடம். சாமான்கள் அந்தக் காலத்து வாழ்க்கையைக் காட்ட வைத்தவை என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

சாதாரண வீடாக இருந்தது எப்போது, யாரால் நினைவுச்சின்னம் ஆயிற்று?
– வரலாற்று ஆசிரியை, திருச்சி

இதுதான் இந்த வீட்டின் உண்மையான சரித்திரம். எட்டு நாள் கதையைவிட இது சுவையானது. ஜார் போனதும் யாரும் வீட்டைப் பூட்டிப் பாதுகாக்கவில்லை. 1780-களில் ஐரோப்பிய அரச குடும்பத்தினர் ஒவ்வொருவராக வரத் தொடங்கியபோதுதான் ஊருக்கே அதன் மதிப்பு தெரிந்தது. 1781-ல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசஃப் வந்தார். அடுத்த ஆண்டு, பின்னால் ஜார் ஆன பவுல் வந்தார், இவர் பீட்டரின் கொள்ளுப்பேரன். வேடிக்கை என்னவென்றால் இந்த இருவரும் புனைபெயரில்தான் பயணம் செய்தார்கள். 1811-ல் நெப்போலியன் வந்தார். 1814-ல், நெப்போலியனைத் தோற்கடித்த கையோடு ஜார் முதலாம் அலெக்சாண்டர் வந்து, பீட்டர் நினைவாக ஒரு சலவைக்கல் பலகை பதித்துவிட்டுப் போனார். மூன்றே ஆண்டு இடைவெளியில் இரண்டு எதிரிகளும் இந்த ஒரே தாழ்வான கூரைக்குள் நுழைந்திருக்கிறார்கள்.

அதன்பின் சம்பந்தி உறவு வந்தது. பவுலின் மகள் அன்னா பாவ்லோவ்னா 1816-ல் டச்சு இளவரசரை மணந்தார். அவருடைய மாமனார் முதலாம் வில்லியம் மன்னர் 1818-ல் வீட்டை வாங்கி மருமகளுக்குப் பரிசாகக் கொடுத்தார். அன்னா 1823-ல் வீட்டைச் சுற்றி ஒரு காப்புக் கட்டடம் எழுப்பினார். அது இல்லாவிட்டால் பார்க்க இன்று ஒன்றும் இருந்திருக்காது. 1839-ல் ரஷ்யப் பட்டத்து இளவரசர் அலெக்சாண்டரோடு வந்த கவிஞர் ஜுகோவ்ஸ்கி சுவரில் பென்சிலால் ஒரு கவிதையையே எழுதினார். 1886-ல் மூன்றாம் வில்லியம் மன்னர் வீட்டை ஜார் மூன்றாம் அலெக்சாண்டருக்குக் கொடுத்துவிட்டார். ஆக டச்சு ஊரின் நடுவே ஒரு துண்டு ஜாரின் சொத்து! ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு அது டச்சு அரசிடம் திரும்பி வந்தது. இப்போது ஸான்ஸ் மியூசியம் கவனித்துக்கொள்கிறது. பெரிய பழுதுபார்ப்பு முடிந்து 2013-ல் மீண்டும் திறந்தார்கள்.

உள்ளே 'பெரிய மனிதனுக்கு எதுவும் சிறிதல்ல' என்று பொருள்படும் டச்சு வாசகம் ஒன்றைக் காணலாம். பலகைகளில் நூற்றுக்கணக்கான பார்வையாளர்கள் கீறிய பெயர்களும் இருக்கின்றன. அந்தக் கீறல்களையும் பாதுகாக்கிறார்கள். நம் கோட்டைச் சுவர்களில் பெயர் எழுதியவர்கள் இதைக் கேட்டு உற்சாகப்பட வேண்டாம். இப்போது கீறினால் அபராதம்தான்.

பீட்டர் கப்பல் கட்டக் கற்றுக்கொண்டது இந்த ஊரிலா, ஆம்ஸ்டர்டாமிலா?
– வாசகர், தூத்துக்குடி

ஸாண்டத்தில் அவர் வாய்ச்சி பிடித்தது சில நாள்தான், அதையும் பட்டறை பட்டறையாக, ஆலை ஆலையாகச் சுற்றிப் பார்ப்பதற்கு இடையே. ஒரு காகித ஆலையில் கூழை அச்சில் அள்ளித் தாமே ஒரு தாள் தூக்கினார் என்பார்கள். ரஷ்யாவில் தம்மிடம் வேலை செய்தவர்களின் குடும்பங்களையும் தேடிப் போய்ப் பார்த்தார்.

முறையான வேலை ஆம்ஸ்டர்டாமில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தளத்தில். வேலியிட்ட இடம், வேடிக்கை பார்க்க வருபவர்கள் உள்ளே நுழைய முடியாது. தலைமைத் தச்சர் கெரிட் கிளாஸ் போல் என்பவரின் கீழ் நாலு மாதத்துக்கு மேல் வேலை செய்தார். அவரும் உடன் வந்த ரஷ்யர்களும் கற்றுக்கொள்வதற்கென்றே சுமார் 100 அடி நீளத்தில் 'பீட்டர் – பவுல்' என்ற கப்பல் எடுக்கப்பட்டது. அடிமரம் வைப்பதிலிருந்து நீரில் இறக்குவது வரை கூட இருந்தார். முடிவில் போல், தேர்ச்சி பெற்ற தச்சன் என்று சான்றிதழ் கொடுத்தார்.

அங்கேயும் ஒரு குறை. டச்சுத் தச்சர்கள் வரைபடம் போட்டுக் கட்டுவதில்லை. கண் அளவும் கைப்பழக்கமும் சில விகிதக் கணக்கும்தான். ஒரு கப்பல் நன்றாக ஓடியது ஏன் என்று கேட்டால் காகிதத்தில் காட்டத் தெரியாது. இதே அளவில் பத்துக் கப்பல் கட்டு என்று ரஷ்யாவில் உத்தரவு போட வேண்டிய ஆளுக்கு இது போதாது. ஆகவே 1698 ஜனவரியில் இங்கிலாந்துக்குக் கிளம்பினார். அங்கே வரைபட முறை கிடைத்தது.

ஆனால் கடல் பேச்சில் டச்சு மொழியே வென்றது. மாலுமிக்கு 'மத்ரோஸ்', துறைமுகத்துக்கு 'காவன்', கப்பல் தளத்துக்கு 'வெர்ஃப்', படகுக்கு 'ஷ்லூப்கா' என்று ரஷ்யர்கள் இன்றும் சொல்வது டச்சிலிருந்து போனவை.

எங்கள் ஊரை ஆண்ட ஒல்லாந்தருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், நாகப்பட்டினம்

வீட்டோடு இல்லை, பீட்டர் வேலை செய்த கப்பல் தளத்தோடு உண்டு. அதை நடத்திய அதே கம்பெனிதான் 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தது. 1690-ல் சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து உங்கள் ஊருக்கு மாற்றியது. அதாவது ஜார் ஆம்ஸ்டர்டாமில் பலகை இழைத்துக்கொண்டிருந்த 1697-ல், கம்பெனியின் சோழமண்டல நிர்வாகம் நாகையிலிருந்து நடந்துகொண்டிருந்தது. ரஷ்யருக்கு 'மத்ரோஸ்' கிடைத்த இடத்திலிருந்து நமக்குக் கிடைத்தவை துட்டும் கக்கூஸும். இலங்கைத் தமிழருக்குக் கூடுதலாகக் கந்தோர் (அலுவலகம்).

பீட்டர் தங்கிய வேறு வீடுகள் இப்படிக் காப்பாற்றப்பட்டிருக்கின்றனவா?
– வாசகி, சென்னை

உண்டு. சென் பீட்டர்ஸ்பர்க்கில், நகரம் பிறந்த 1703-ல் படைவீரர்கள் மூன்றே நாளில் கட்டிய அவருடைய மரக்குடில் நிற்கிறது. மொத்தம் சுமார் 60 சதுர மீட்டர்தான். பைன் மரத்தடிகளின் மேல் செங்கல்போல வண்ணம் தீட்டியிருக்கிறார்கள், ஸாண்டம் பக்கத்து வீடுகளின் ஆசை விடவில்லை போலிருக்கிறது. அதற்கும் 1844-ல் செங்கல் கூடு போட்டார்கள். எஸ்டோனியாவின் தாலினிலும் ரஷ்யாவின் வொலோக்தாவிலும் அவர் தங்கிய சிறு வீடுகள் அருங்காட்சியகங்களாக உள்ளன.

காப்பாற்றப்படாத ஒன்றையும் சொல்லவேண்டும். 1698-ல் லண்டன் பக்கம் டெட்ஃபோர்டில் ஜான் ஈவ்லின் என்ற பிரமுகரின் பெரிய மாளிகையை அவருக்கு விட்டார்கள். மூன்று மாதத்தில் மாளிகையும் தோட்டமும் அலங்கோலம். தள்ளுவண்டியில் ஆளை உட்காரவைத்து வேலிச்செடிக்குள் ஓட்டி விளையாடினார்களாம். சேதத்தைக் கணக்கிட அனுப்பப்பட்டவர், புனித பவுல் தேவாலயத்தைக் கட்டிக்கொண்டிருந்த கிறிஸ்டோபர் ரென். கணக்கு 350 பவுண்டும் 9 பென்னியும். அந்த மாளிகை இன்று இல்லை. ஸாண்டத்துக் கொல்லன் வீட்டில் அவர் எட்டே நாள்தான் இருந்தார் என்பது வீட்டுக்கும் நல்லதாகப் போயிற்று.

ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் போகிறோம். இந்த வீட்டைப் பார்க்க எவ்வளவு நேரம் ஒதுக்கலாம், எப்படிப் போவது?
– வாசகர், ஈரோடு

ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல் நிலையத்திலிருந்து ஸாண்டத்துக்கு ரயிலில் 12 நிமிடம் அளவில். அடிக்கடி வண்டி உண்டு. பயணிகள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று: காற்றாலைகள் இருக்கும் ஸான்ஸ ஸ்கான்ஸ் வேறு இடம், அதற்கு 'ஸாண்டைக் ஸான்ஸ ஸ்கான்ஸ்' என்ற வேறு நிலையம். ஜார் வீடு அங்கே இல்லை. 'ஸாண்டம்' என்று மட்டும் பெயர் போட்ட நிலையத்தில் இறங்குங்கள். வெளியே வந்ததும் பச்சை வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல ஒரு ஹோட்டல் தெரியும், அது 2010-ல் கட்டியது, பழமை என்று ஏமாறவேண்டாம். கடைத்தெரு வழியாக நேராக நடந்தால் அணைச் சதுக்கம். அங்கிருந்து சில நிமிட நடையில் கிரிம்ப் தெரு, கதவு எண் 23.

வீட்டுக்கு அரை மணி நேரம் போதும், அதற்கு மேல் பார்க்க இடமில்லை. வீட்டை மட்டும் பார்க்க ரயிலேறினால் சிலருக்குச் சப்பென்று இருக்கும். காலையில் இந்த வீடு, பிறகு ஸான்ஸ ஸ்கான்ஸில் ஓடும் ஒரு மர அறுவை ஆலை என்று சேர்த்துக்கொண்டால், பீட்டர் எதைத் தேடி வந்தார் என்பது ஒரே நாளில் விளங்கும். நேரமும் ஆசையும் இருந்தால் வெஸ்ட்ஸானில் 'பள்ளி ஆசிரியர்' என்று பொருள்படும் பெயர் கொண்ட காகித ஆலையைப் பாருங்கள். 1692-ல் கட்டியது, பீட்டர் வந்தபோதே அதற்கு ஐந்து வயது. காற்றால் ஓடி இன்றும் காகிதம் செய்யும் ஆலை உலகில் அது ஒன்றுதான்.

சிறிய அருங்காட்சியகங்களின் திறப்பு நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், வாரத்தில் சில நாள் மூடியிருக்கும். கிளம்பும் காலையில் ஸான்ஸ் மியூசியத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உள்ளே தரை சரிவு, சுவரும் சாய்வு. தலைசுற்றல் உள்ள பெரியவர்கள் கைபிடித்து நடப்பது நல்லது. குதிகால் செருப்பு வேண்டாம், பழைய பலகையில் அது குழி போடும். வெளிச்சம் குறைவு, ஃபிளாஷ் போடக்கூடாது. செல்பேசியைக் கதவு நிலைக்கு வெளியே ஏதாவதொன்றில் ஊன்றி எடுத்தால் ஆடாத படம் கிடைக்கும். கீறிய பெயர்களைப் படமெடுக்க, பக்கவாட்டில் விழும் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே நின்று சாய்வாக எடுங்கள். நேரெதிரே நின்றால் எழுத்து தெரியாது.

அணைச் சதுக்கத்தில் இருக்கும் சிலைக்கும் ரஷ்யாவில் உள்ள சிலைக்கும் எது மூலம், எது நகல்?
– வாசகர், காரைக்குடி

சுற்றிச் சுற்றி வரும் கதை. பெர்ன்ஷ்டாம் என்ற சிற்பி, படகு கட்டும் பீட்டரைச் செய்து சென் பீட்டர்ஸ்பர்க்கில் வைத்தார். அதே உருவத்தில் இன்னொன்றை இரண்டாம் நிக்கோலஸ் 1911-ல் ஸாண்டத்துக்குக் கொடுத்தார். புரட்சிக்குப் பின் சென் பீட்டர்ஸ்பர்க் சிலை அகற்றப்பட்டு அழிந்தது. 1996-ல் நெதர்லாந்து, ஸாண்டம் சிலையிலிருந்து ஒரு வார்ப்பு எடுத்து அந்த நகரத்துக்குத் திருப்பிக் கொடுத்தது. ஆக இன்று நிற்கும் இரண்டில் மூத்தது ஸாண்டத்தில் இருப்பது. சதுக்கத்தில் சிலையைப் படமெடுக்க மதியத்துக்கு முன் போங்கள், கடைக்காரர்களின் குடைகள் விரிவதற்குள்.